பாடசாலைச் சாப்பாட்டுப் பெட்டி: குற்றம் புட்டில் இல்லை

பிள்ளை பாடசாலையிலிருந்து வந்ததும் அதன் புத்தகப் பையிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக் கழுவி வைப்பது எமது வீடுகளில் தினமும் நடைபெறும் காரியம். கழுவுவதற்கு முன்னர் அந்தப் பெட்டியை ஒரு நிமிடமேனும் உற்றுப் பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்பது ஐயத்திற்குரியது. நானும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால், ஒரு குளிர்காலத்தின் பெரும்பகுதியை என் மகள் பகற்பட்டினியோடு கழித்தாள் என்பதை முன்னரே அறிந்திருப்பேன்.

அது 2019 ஆம் ஆண்டின் தொடக்கம். ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில், ஒரு தொடர்மாடிக் குடியிருப்பின் பதினோராவது மாடியில் இருந்தோம். எமது அகதிக் கோரிக்கையின் விசாரணைக்குத் திகதி வந்திருக்கவில்லை. மனைவி ஒரு தொழிற்சாலையில் பொதியிடும் வேலைக்காக விடிகாலை நாலரை மணிக்கே புறப்பட்டுவிடுவார். பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றிய காலத்தில் ஒரு முட்டையைக்கூட அவித்தறியாத நான், முதலாம் வகுப்பிற் படித்த மகளுக்குச் சாப்பாடு கட்டும் பொறுப்பை ஏற்றேன். பொறுப்பென்று பெரிதாகச் சொல்வதற்கில்லை. மனைவி இரவே அவித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த புட்டையும் கறியையும் காலையில் ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில் இட்டு மூடுவதே என் வேலை. மாலையில் பெட்டி வெறுமையாகத் திரும்பிவரும். பிள்ளை சாப்பிட்டுவிட்டாள் என்று மகிழ்ந்திருந்தேன்.

பெப்ரவரியில் வகுப்பாசிரியை தொலைபேசியில் அழைத்தார். பிற்பகலில் பிள்ளை மேசையில் தலைவைத்து உறங்கிவிடுகிறாள், இரவில் ஒழுங்காக நித்திரை கொள்கிறாளா என்று கேட்டார். அன்று மாலைதான் பெட்டியைச் சரியாகக் கவனித்தேன். புட்டு உண்ட பாத்திரத்தின் மூலைகளில் நாலு மணிகளாவது ஒட்டியிருக்கும். மஞ்சள் சேர்ந்த கறி பிளாஸ்ரிக்கில் எண்ணெய்ப் படலம் ஒன்றையாவது விட்டுச்செல்லும். இந்தப் பெட்டியோ மூலைமுடுக்கெல்லாம் துப்புரவாக இருந்தது. மகள் உணவைக் குப்பைத் தொட்டியிற் கொட்டிவிட்டு, கை கழுவும் இடத்தில் பெட்டியையும் கழுவி எடுத்துவந்திருக்கிறாள். அதிகாலையில் எழுந்து வேலைக்குப் போகும் தாய் அறிந்தால் வருந்துவாள் என்பது ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

எழுத்துத் தொழிலின் தீய பழக்கம், என் மனத்தில் உடனே ஒரு தலையங்கம் உருவாகிவிட்டது. ஏளனம், அடையாள இழப்பு, பண்பாட்டு நெருக்கடி என்று சொற்கள் அணிவகுத்தன. அவற்றைப் பிள்ளைக்கு விளங்கும் மொழியில் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். ஒரு பையன் பெட்டியை எட்டிப் பார்த்து, "இது மணலா?" என்று கேட்டது உண்மைதான். ஆனால் அவன் ஒருநாள் கேட்டதோடு சரி. அவளுடைய முறைப்பாடு வேறு.

"அது குளிர்ந்து கல்லு மாதிரி இருக்குது அப்பா. கரண்டியால எடுத்தால் எல்லாம் கீழ கொட்டுண்ணுது. கையால சாப்பிட்டால் கை கழுவப் போக நேரம் விடமாட்டினம்."

என் தலையங்கத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை.

புட்டு ஏன் கல்லாகிறது என்பதற்கு எளிய விளக்கம் உண்டு. வேகும்போது நீரை உறிஞ்சி மென்மையடையும் அரிசி மாவின் மாச்சத்து, ஆறும்போது மீண்டும் இறுகுகிறது. குளிர்சாதனப் பெட்டியின் குளிர் இந்த இறுக்கத்தை விரைவுபடுத்துகிறது. தேங்காயின் கொழுப்போ ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும். யாழ்ப்பாணத்து வெயிலில் 24 பாகையை நாம் காண்பது அரிது. அதனால் காலையில் வாழையிலைத் துண்டிற் சுற்றிய உணவு இடைவேளை மணி அடிக்கும்போதும் இளகியே இருந்தது. இங்கே கறியின் மேல் வெள்ளைப் படலமாகத் தேங்காய்ப்பால் உறைந்திருக்கும். பெரியவர்களாகிய எமக்கே அதை உண்ண மனம் வராது. எமது உணவு சூட்டோடு, கையால், ஆறுதலாக அமர்ந்து உண்பதற்கென்றே அமைந்தது. அதைக் குளிரில், கரண்டியால், ஓட்டமும் நடையுமாக உண்ணச் சொல்கிறோம். குற்றம் புட்டில் இல்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஊரிலே பாடசாலை பிற்பகல் ஒன்றரை, இரண்டு மணியளவில் விட்டுவிடும். இடைவேளையில் உண்டது சிற்றுணவே. 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எனக்குக் கிடைத்தது பாதி றொட்டியும் பச்சைமிளகாய்ச் சம்பலும். உண்மையான சாப்பாடு வீட்டில் காத்திருந்தது. இங்கே காலை எட்டு மணிக்குப் புறப்படும் பிள்ளை திரும்பிவர நாலு மணியாகிறது. பெட்டியில் உள்ளதே அன்றைய பகலுணவு.

எல்லா நாடுகளிலும் இந்தச் சிக்கல் ஒரே வகையானதல்ல. பின்லாந்து 1943 இல் சட்டமியற்றி, 1948 முதல் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் இலவச மதிய உணவு வழங்கிவருகிறது. பிரான்சில் உள்ள எம்மவரின் பிள்ளைகளுக்குப் பாடசாலை உணவகத்தில் சூடான சாப்பாடு கிடைக்கிறது. நோர்வேயில் பெற்றோர் பாண் துண்டுகளுக்கிடையே எதையாவது வைத்துப் பொதி கட்டிக் கொடுக்கின்றனர். கனடாவில் மத்திய அரசு 2024 ஏப்ரலில்தான் தேசியப் பாடசாலை உணவுத் திட்டத்துக்கென ஐந்து ஆண்டுகளுக்கு 100 கோடி டொலரை ஒதுக்குவதாக அறிவித்தது. 2025 மார்ச்சுக்குள் எல்லா மாகாணங்களும் ஒப்பமிட்டன. எனினும் ஒன்ராறியோவில் பெரும்பாலான பிள்ளைகள் மதிய உணவை இன்னமும் வீட்டிலிருந்தே கொண்டுசெல்கின்றனர்.

பிளாஸ்க்கைச் சூடாக்கும் முறை

அகன்ற வாயுள்ள உணவுப் பிளாஸ்க் ஒன்றை வாங்கிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது என்று எண்ணினேன். தீரவில்லை. குளிர்ந்த பிளாஸ்க்கில் சூடான உணவை இட்டால், அந்தச் சூட்டின் ஒரு பகுதியைப் பிளாஸ்க்கின் சுவரே குடித்துவிடும். முதலில் கொதிநீரை நிரப்பி மூடிப் பத்து நிமிடம் வைக்கவேண்டும். அதற்கிடையில் உணவை ஆவி பறக்கச் சூடாக்கிக்கொண்டு, நீரை ஊற்றிவிட்டு உடனே உணவை இட்டு மூடவேண்டும். பாதி நிரம்பிய பிளாஸ்க் விரைவில் ஆறிவிடும். ஆகவே சிறு பிள்ளைக்குச் சிறிய பிளாஸ்க்காக, 300 மில்லிலீற்றர் அளவினதாக வாங்கி, விளிம்புவரை நிரப்புவதே சரி. மூடியிலுள்ள இறப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவவேண்டும் என்பதை நான் மூன்று மாதம் கழித்தே கண்டுபிடித்தேன். அதுவரை எல்லா உணவும் பழைய மீன்கறியின் மணத்தோடுதான் சென்றது.

சூடு சுவைக்காக மட்டுமன்று. 4 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் கிருமிகள் விரைந்து பெருகும். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் உணவு அந்நிலையில் இருக்கலாகாது. சோற்றில் இந்த ஆபத்து கூடுதல். பசிலஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துக்கள் சோறு கொதித்த பின்னும் உயிரோடிருக்கும். இரவு முழுவதும் அடுப்பின்மேல் வைத்திருந்த சோற்றைக் காலையில் சூடாக்கினாலும், அந்தக் கிருமி முன்னரே உண்டாக்கிய நஞ்சு அழிவதில்லை. இரவுச் சோற்றை அனுப்புவதானால் ஆக்கியவுடன் சிறு பாத்திரத்திற் பரப்பி, விரைவில் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவேண்டும். பழஞ்சோற்றின் அருமை பெருமைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் அது வீட்டிலிருந்து உண்பதற்குரியது. குளிராகவே செல்லவேண்டிய யோகட், வெட்டிய பழம் போன்றவற்றுக்குப் பக்கத்தில், முதல்நாளே உறையவைத்த சிறிய தண்ணீர்ப் போத்தலை வைத்தால் போதும். மதியத்தில் அது உருகிக் குடிநீராகவும் பயன்படும்.

பிளாஸ்க்கில் புட்டு மீண்டும் உயிர்பெற்றது. காலையில் புட்டின்மேல் சிறிது நீர் தெளித்து இரண்டாம் முறை ஆவியில் வேகவைத்து, பொரித்த முட்டையும் கரட் துருவலும் சேர்த்துக் கிளறி, ஒரு தேக்கரண்டி நெய்யும் விட்டால் கரண்டியில் ஒட்டிக்கொண்டு வரும், கொட்டுண்ணாது. இடியப்பத்தைப் பிளாஸ்க்கில் இடுமுன் கத்தரிக்கோலால் இரண்டங்குல நீளத்துக்கு வெட்டவேண்டும். இல்லாவிடின் பிள்ளை நூற்கண்டைப் பிரிப்பது போல் அதனோடு போராடிக்கொண்டிருக்கும். வெங்காயம், லீக்ஸ், கரட் மூன்றையும் வதக்கி, மஞ்சளும் மிளகும் இட்டு, முட்டையை உடைத்து ஊற்றி, வெட்டிய இடியப்பத்தைப் பிரட்டினால் கொத்து ஆயிற்று. பத்து நிமிட வேலை. இடியப்பம் மாலையில் தமிழ்க் கடையில் வாங்கியதாக இருந்தாலும் குற்றமில்லை. இரண்டு வேலை செய்யும் வீட்டில் இடியப்பம் பிழிந்துதான் ஆகவேண்டும் என்று நான் உபதேசிக்க மாட்டேன். கறிவேப்பிலையையும் மிளகாய்த் துண்டையும் எடுத்துவிட மறக்கவேண்டாம்.

பிளாஸ்க்கே தேவைப்படாத உணவு எம்மிடம் நிறைய உண்டு என்பதைப் பின்னரே உணர்ந்தேன். ரோல்ஸ், கட்லட், உழுந்து வடை, தாளித்த கடலை, கௌப்பி, தேங்காய்ப்பூ றொட்டி முதலியன எமது ஊரில் பிரயாணத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் செய்யப்பட்டவை. ஆறிய பின்னும் சுவைப்பவை. ஒரு கையாற் பிடித்து உண்ணத்தக்கவை. எங்கள் வீட்டில் ஞாயிறு பிற்பகல் ரோல்ஸ் செய்யும் நேரம். உருளைக்கிழங்கும் லீக்ஸும் சேர்ந்த பிரட்டலை ஆறவைத்து, மெல்லிய கோதுமை மாத் தோசையிற் சுற்றி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளிற் புரட்டுவோம். ரஸ்க் தூள் புரட்டுவது மகளின் பதவி. அவளே புரட்டிய ரோல்ஸ் ஒன்றேனும் இன்றுவரை மீதியாகத் திரும்பி வந்ததில்லை. பொரிக்காமல் உறைநிலைப் பெட்டியில் அடுக்கிவிட்டால் இரண்டு வாரத்துக்குக் கவலையில்லை. அதிகாலையில் நாலைந்தைப் பொரித்தோ, சூட்டடுப்பில் வாட்டியோ எடுத்துக்கொள்ளலாம்.

பிள்ளைக்கு விளையாட்டாக இருக்கவேண்டும் என்பதற்காகக் காய்கறியில் கண் மூக்குச் செதுக்கும் பொறுமை எனக்கில்லை. ஆனால் பிஸ்கட் வெட்டும் அச்சு மலிவு. றொட்டியை நட்சத்திரமாகவும் பூனையாகவும் வெட்டினால், வட்ட றொட்டியைத் தொடாத பிள்ளை அதைத் தின்றுவிடுகிறது. இதற்கு விஞ்ஞான விளக்கம் எதுவும் என்னிடம் இல்லை. வெட்டிய பின் எஞ்சும் மூலைகளை உண்பது தந்தையரின் கடமை. தோடம்பழத்தை உரித்தே அனுப்பவேண்டும். இருபது நிமிடத்தில் உண்டு முடித்துக் குளிர்கால உடையையும் மாட்டிக்கொண்டு வெளியே ஓடவேண்டிய பிள்ளை தோல் உரித்துக்கொண்டிராது. திராட்சையைச் சிறு பிள்ளைகளுக்கு முழுதாகக் கொடுப்பது ஆபத்து, தொண்டையில் அடைக்கும். நீளவாக்கில் நாலாக வெட்டவேண்டும்.

மணத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பச்சை வெங்காயமும் மாசியும் இட்டு இடித்த சம்பல் மூடிய அறையில் அமர்ந்திருக்கும் முப்பது பேரின் மூக்கிலும் ஏறும். கருவாட்டின் பெருமையை நான் எவருக்கும் விட்டுக்கொடுப்பவன் அல்லன். அது சனிக்கிழமைக்குரியது. ஆனால் இதற்கு அஞ்சி, கடையில் விற்கும் பிஸ்கட்டும் உப்பிட்ட இறைச்சித் துண்டும் அடைத்த பெட்டிகளைத் தினமும் வாங்குவது எனக்கு உடன்பாடன்று. விலை அதிகம், உப்பு அதிகம், வயிறு நிறைவதுமில்லை. "மற்றப் பிள்ளைகள் கொண்டுவருவது அதுதானே" என்பார்கள். ஸ்காபரோ வகுப்பறையில் மற்றப் பிள்ளைகள் யார்? சீனப் பிள்ளை சோறு கொண்டுவருகிறது, பிலிப்பீன் பிள்ளை சோறு கொண்டுவருகிறது, கயானாப் பிள்ளை றொட்டி கொண்டுவருகிறது.

கடலையா, கச்சானா?

இனி எழுதுவது உயிரோடு தொடர்புடையது. ஒன்ராறியோவில் சப்ரினா ஷனன் என்ற 13 வயது மாணவி, பாடசாலையில் வாங்கி உண்ட உணவினால் ஏற்பட்ட ஒவ்வாமையால் 2003 இல் உயிரிழந்தாள். அவள் பெயரால் 2005 இல் இயற்றப்பட்ட சட்டம் 2006 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. கடும் ஒவ்வாமையுள்ள பிள்ளைகளைக் காப்பதற்கான ஒழுங்குமுறை ஒவ்வொரு பாடசாலைச் சபையிடமும் இருக்கவேண்டும் என்று அது விதிக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் கொட்டை வகைகளை அனுப்பவேண்டாமென்று பாடசாலைகளிலிருந்து கடிதம் வருவது இத்தகைய ஏற்பாடுகளினாலேயே.

எங்கள் தொடர்மாடியில் ஒரு தாய்க்கு அத்தகைய கடிதம் தமிழிலேயே கிடைத்தது. "கடலை, முந்திரி கொண்டுவரக் கூடாது" என்று அதில் இருந்தது. மொழிபெயர்த்தவர் தமிழ்நாட்டுத் தமிழில் எழுதியிருக்கவேண்டும். அங்கே கடலை என்றால் எங்களுடைய கச்சான், முந்திரி என்றால் எங்களுடைய கஜு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அந்தத் தாயோ, அவித்த கடலையையும் முந்திரிகைப் பழத்தையும் நிறுத்திவிட்டு, அவற்றுக்குப் பதிலாகக் கச்சான் அல்வா கொடுத்தனுப்ப ஆயத்தமாக இருந்தார். தற்செயலாகப் படிக்கட்டில் சந்தித்ததால் தெரியவந்தது. கொண்டைக்கடலை என்று கடைகளில் விற்கப்படும் எமது கடலை, பொதுவாகத் தடைசெய்யப்படும் பொருளன்று. கச்சானே முதற் பகை.

கச்சானை நேரடியாகக் கொடுப்பவர்கள் குறைவு. மறைந்து செல்வது கஜு. பொங்கலுக்கு மறுநாள் மீதியான சர்க்கரைப் பொங்கல், பிறந்தநாட் கேசரி, கோவிலிற் கிடைத்த லட்டு எல்லாவற்றிலும் அது இருக்கிறது. கறிக்குக் குழம்பு தடிக்க அரைத்து விடுபவர்களும் உண்டு. எள்ளும் கடுகும் கனடாவின் முதன்மையான ஒவ்வாமைப் பொருட் பட்டியலில் உள்ளவை. எல்லா வகுப்புகளிலும் அவை தடைசெய்யப்படுவதில்லை. ஆயினும் எள்ளுருண்டை அனுப்புமுன் ஆசிரியரிடம் கேட்பது முறை. தேங்காயைக் கனடியச் சுகாதாரத் திணைக்களம் மரக்கொட்டைகளோடு சேர்க்கவில்லை. அதையும் ஒரு சொல் கேட்டுவிடலாம். எமது பிள்ளைக்கு ஒவ்வாமை இல்லாவிட்டாலும், எமது பிள்ளை நண்பனோடு பகிர்ந்து உண்ணும் பழக்கத்தைக் கற்றிருக்கிறது. அந்த நல்ல பழக்கமே இங்கு ஆபத்தாக முடியலாம். பெட்டியிலுள்ளதை ஒருவருக்கும் கொடுக்காதே என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்குக் கசப்பாகவே இருந்தது. சொல்லிக்கொடுத்தேன்.

பெட்டியில் வைக்க எதுவுமே இல்லாத காலையும் சில வீடுகளில் உண்டு. வழக்கு முடியாத பெற்றோர் அதைப் பாடசாலையிற் சொல்லத் தயங்குகிறார்கள். தமது நிலை பற்றிக் கேள்வி எழுமோ என்ற பயம். ஒன்ராறியோக் கல்விச் சட்டத்தின் 49.1 ஆம் பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்ட ஒருவரையோ அவரது பெற்றோரையோ சட்டப்படியான வதிவுரிமை இல்லாதவர் என்ற காரணத்தால் பாடசாலையில் சேர்க்க மறுக்க இயலாது. பல பாடசாலைகளில் காலையுணவோ சிற்றுணவோ வழங்கும் திட்டம் உண்டு. அங்கே பிள்ளை எவரினது என்று பாராமல் கொடுக்கிறார்கள். எங்கள் மகளின் ஆசிரியையிடம் நான் உள்ளதை உள்ளபடி சொன்ன மறுநாளிலிருந்து, காலை பத்து மணிக்கு அவளுக்கு ஓர் அப்பிளும் பாலும் கிடைத்தன. ஒரு மாதம் முன்னரே சொல்லியிருக்கலாம்.

மகளுக்கு இப்போது தன் பெட்டியைத் தானே கட்டத் தெரியும். அவள் கட்டும் பெட்டியில் என் ஆலோசனைக்கு இடமில்லை. நாலு வயது மகன் கடந்த செப்ரெம்பரில் பாலர் வகுப்பில் சேர்ந்தான். அவனுக்காக ஓகஸ்ட் முழுவதும் நாங்கள் செய்தது ஒரே பயிற்சி. மதியம் பன்னிரண்டு மணிக்கு வீட்டுத் தரையில் பெட்டியோடு அவனை அமர்த்தி, எவரும் உதவாமல் திறந்து, உண்டு, மூடச் சொல்வது. பெட்டியின் கொளுவியை இரண்டு நாளிற் கற்றுக்கொண்டான். பிளாஸ்க்கின் மூடிதான் வரவில்லை. சூடு போய்விடுமென்று நான் வழக்கம்போல் இறுக்கித் திருகியிருந்தேன். இப்போது நான் மூடிய பின் அவன் ஒருமுறை திறந்து பார்ப்பான். அவனால் திறக்க முடிந்தால்தான் பை தோளில் ஏறும்.